பட்டாலையில் ஊமையாக நிற்கும் பியானோ: வீட்டுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டில் பெரிய வீடு வைத்திருக்கும் ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும், அதிலும் வீட்டை விடுதியாக்கி நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

காரைக்குடியில் பதினோரு வருடமாகப் பிள்ளைகளுக்கு கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறேன். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன்: உங்கள் வீட்டில் பியானோ இருந்தால் அதை வாசிக்க விடுங்கள். விற்பதும் விற்காததும் உங்கள் பங்காளிகள் பாடு, நான் அதில் தலையிடவில்லை. இருக்கிறவரைக்கும் யாராவது வாசிக்கட்டும்.

எந்த வீடு என்று சொல்ல மாட்டேன். போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், சுவரோரமாக ஒரு பழைய பியானோ. மெழுகுவத்தி செருக முன்னால் இரண்டு பித்தளைக் கைகள், மேலே குடும்பப் படம், பக்கத்தில் ‘தொடாதீர்கள்’ என்று ஓர் அட்டை. என்னோடு வந்த மாணவிக்குப் பதிமூன்று வயசு, அட்டையைப் படிக்கிற பொறுமை எங்கே இருக்கும், மூடியைத் தூக்கி நடுவில் ஒரு கட்டையை அழுத்திவிட்டாள். உள்ளே போன கட்டை மேலே வரவே இல்லை. சத்தமும் இல்லை, பாச்சை உருண்டை வாசனைதான் வந்தது. அதற்குள் ஒருவர் ஓடி வந்து, “பாப்பா, அது ஆன்டிக், கையை எடு” என்றார். அவள் அப்புறம் சாப்பிடக்கூட இல்லை.

இதே பெண்தான் போன வருடம் இசைக் கிரேடு தேர்வுக்கு மதுரை போனாள். பழகியதெல்லாம் 61 கட்டை கீபோர்டில், அதில் எப்படித் தொட்டாலும் சத்தம் வந்துவிடும். அங்கே இருந்ததோ 88 கட்டையுள்ள நிஜப் பியானோ. மெதுவாக ஆரம்பிக்க வேண்டிய பாட்டு, மெதுவாகத்தான் தொட்டாள், முதல் சுரமே பேசவில்லை. வெளியே வந்து, “டீச்சர், கட்டை ரொம்ப கனமா இருக்கு” என்றாள். நான் என்ன பதில் சொல்ல? சைக்கிள் மிதித்த பிள்ளையை லாரியில் ஏற்றி உட்காரவைத்தது என் தப்பு.

வீணைக்குப் பேர்போன ஊர் இது, காரைக்குடி சகோதரர்கள் பெயரை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வீணைக்காரர் தன் வீணையைக் கையோடு கொண்டுபோவார். பியானோக்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஹோரோவிட்ஸ் மாதிரி சொந்தப் பியானோவை ஊர் ஊராக ஏற்றிப் போனவர்கள் ரொம்பக் கொஞ்சம், மற்றவர்கள் போன இடத்தில் எது நிற்கிறதோ அதில் வாசித்தே ஆகவேண்டும். அதனால் நாலைந்து பியானோவிலாவது கை பட்டுப் பழகுவது இந்தத் தொழிலில் பாதி.

ஜெர்மன் பியானோக்காரர் கிளாரா ஷூமன் 1828ல் ஒன்பது வயதில் லைப்சிக்கில் மேடை ஏறினார், 1891 வரை வாசித்தார். 1856ல் கணவர் இறந்த பிறகு ஏழு பிள்ளைகள் இருந்த குடும்பத்தைக் கச்சேரிக் காசில்தான் காப்பாற்றினார். அவர் திறமைசாலிதான், சந்தேகமில்லை, ஆனால் அவர் அப்பா பியானோ வியாபாரமும் பார்த்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பிள்ளை எழுந்து நடந்தால் பியானோவில்தான் முட்டிக்கொள்ளும்! சோவியத் நாட்டுப் பியானோக்காரர் ரிக்டரும் அப்படித்தான், பியானோ வாசிக்கிற அப்பா. பெரும்பாலும் தானாகவே பழகி, ஒடெஸா ஆப்பரா அரங்கில் ஒத்திகைக்கு வாசித்துக்கொண்டிருந்துவிட்டு, 1937ல் 22 வயதில்தான் மாஸ்கோவில் நெய்காஸ் என்ற ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தார். அதே மனிதர் 1986ல், 71 வயதில், சைபீரியாவில் கச்சேரி மண்டபமே இல்லாத சின்ன ஊர்களுக்கெல்லாம் போய் மாதக்கணக்கில் வாசித்தார். நம் ஊருக்கு அப்படி ஒருவர் வந்தால் எதில் வாசிப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

தேக்குத் தூணுக்கு எண்ணெய் பூசுகிறீர்கள், ஆத்தங்குடிக் கல்லைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக வைத்திருக்கிறீர்கள். பியானோவைத் துடைத்தால் மட்டும் போதாது. உள்ளே ஏறக்குறைய 230 கம்பிகள், எல்லாம் சேர்த்துப் பதினெட்டு இருபது டன் இழுவை. சித்திரையில் மரம் சுருங்கும், ஐப்பசியில் ஊதும், சுருதி இறங்கிக்கொண்டே போகும். கம்பியை அடிக்கிற சுத்தியலில் இருப்பது கம்பளி, மூடியே வைத்திருந்தால் பூச்சிக்கு விருந்து. ரொம்ப நாள் கழித்து ஒரே மூச்சில் சுருதி ஏற்றினால் கம்பி அறுந்துவிடும், விவரம் தெரிந்த ஆளாக இருந்தால் இரண்டு மூன்று தடவையாக ஏற்றுவார். சென்னையிலிருந்து வரவேண்டும், செலவுதான். நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் கூப்பிட்டால் வண்டிக் கூலி பங்காகிவிடும். பங்கு போடுவது உங்களுக்குப் புதிதா என்ன.

நான் கேட்பது வாரத்தில் இரண்டு நாள், விருந்தாளிகள் ஊர் சுற்றப் போயிருக்கிற நேரத்தில் ஒரு மணி நேரம். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வருவோம். நானும் கூடவே உட்கார்ந்திருப்பேன். மூடியின் சாவி தொலைந்துபோயிருந்தால் அதையும் சொல்லுங்கள், எங்கள் தெருவில் பூட்டு ரிப்பேர் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார்.