தையலுக்கும் தானியத்துக்கும் நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் மக்காச்சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் சிறிய லூத்தரன் கிறிஸ்தவ சபையின் தையல் குழுவும் வயல் குழுவும் சேர்ந்து எழுதும் மடல் இது. இலையுதிர்காலச் சரக்கு லாரியில் ஏறிவிட்டது. தானியக் கணக்கும் முடிந்தது. சபையாருக்கும், எந்தச் சபையையும் சேராமலே கைகொடுத்த அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்கும், மினியாபொலிஸ் பக்கமிருந்து சனிக்கிழமைகளில் வந்துபோன தமிழ்க் குடும்பங்களுக்கும், கொடுத்ததற்காக ஒரு நன்றி. "இது ஆகாது" என்று நாங்கள் திருப்பிக் கொடுத்தபோது முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டதற்காக இன்னொரு நன்றி. ஏன் ஆகாது என்று அந்த அவசரத்தில் விளக்க முடியவில்லை. இப்போது சொல்லிவிடுகிறோம்.

முதலில் குயில்ட், அதாவது ஒட்டுத்துணிப் போர்வை. இவற்றை நாங்கள் லூத்தரன் வேர்ல்டு ரிலீஃப் அமைப்புக்கு அனுப்புகிறோம். இரண்டாம் உலகப் போரில் சிதைந்த ஐரோப்பாவுக்கு உதவ 1945-இல் அமெரிக்க லூத்தரன்கள் தொடங்கிய அமைப்பு அது. போர்வையின் அளவு 60-க்கு 80 அங்குலம். பெறுபவர்கள் அதைப் போர்த்திக்கொள்வது ஒரு பயன்தான். அகதி முகாமில் அதுவே பாய், அறைத் தடுப்பு, வெயிலுக்குப் பந்தல், பிள்ளையை முதுகில் கட்டும் துணி. சிறியதாகத் தைத்தால் இதில் பாதி வேலைக்கு உதவாது.

எங்கள் கணக்கு இது. 11 அங்குலச் சதுரங்கள் 48, குறுக்கே 6, நெடுக்கே 8. தையலுக்கு அரை அங்குலம் விட்டால் ஒவ்வொன்றும் 10 அங்குலமாக நிற்கும், ஓர விளிம்போடு மேல்துணி 61-க்கு 81 வரும். அடித்துணியை 65-க்கு 85 வெட்டி, நாலு பக்கமும் மிஞ்சும் 2 அங்குலத்தை மடித்து மேலே கொண்டுவந்து தைத்துவிட்டால் தனியாகப் பட்டி வேண்டாம். ஒற்றைக் கட்டில் விரிப்பு பெரும்பாலும் 66-க்கு 96 என்பதால்தான் அதைக் கேட்டுக்கேட்டு வாங்கினோம். நடுவே பழைய கம்பளியோ பஞ்சு விரிப்போ போகும்.

மூன்று அடுக்கையும் பிடித்து வைப்பது முடிச்சு. சதுரங்கள் கூடும் 35 இடங்களிலும் 48 சதுரங்களின் நடுவிலும் போட்டால், முடிச்சுக்கு முடிச்சு ஏறக்குறைய 7 அங்குலம். அதற்குமேல் இடைவெளி விட்டால் ஒரே துவைப்பில் பஞ்சு ஒரு மூலைக்குப் போய் உருண்டுவிடும். க்ரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) பருத்தி நூலை இரட்டையாகக் கோத்து, முதலில் வலதை இடதின்மேல், பிறகு இடதை வலதின்மேல் கட்ட வேண்டும். இரண்டு முறையும் ஒரே பக்கமாகக் கட்டிய முடிச்சு இழுத்தால் நழுவும். ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூல் வழவழப்பு, சரியாகக் கட்டினாலும் தானே அவிழும். முடிச்சுகளை விரலால் இழுத்துப் பார்த்துத் திரும்பக் கட்டிய பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி நன்றி. பெரியவர்கள் யாரும் விரும்பாத வேலை அது.

தமிழ்க் குடும்பங்கள் கொடுத்த பருத்திச் சேலைகள் எங்களுக்குப் பெரிய வரவு. ஐந்தரை மீட்டர் என்றால் 216 அங்குலம். 85 அங்குலத்தில் இரண்டு துண்டு வெட்டி அகலவாக்கில் இணைத்தால் ஓர் அடித்துணி. மீதி 46 அங்குலத்தில் 16 சதுரம். ஜார்ஜெட்டையும் சரிகைச் சேலைகளையும் திருப்பியதற்குக் காரணம் உண்டு. ஜார்ஜெட் ஊசிக்கு அடியில் வழுக்கி ஓடும். சரிகை பிரிந்தால் தோலைக் கீறும். நிட் துணியும் (பனியன் போலப் பின்னிய துணி) அப்படித்தான், நெய்த துணிக்குப் பக்கத்தில் வைத்துத் தைத்தால் இழுபட்டுச் சுருங்கும். சிவப்புத் துணிகளை வெட்டுவதற்கு முன்பே துவைத்துக் கொண்டுவந்தவர்கள் மற்ற 47 சதுரங்களையும் சாயத்திலிருந்து காப்பாற்றினார்கள்.

சாமி படம் அச்சிட்ட துணியைத் திருப்பியபோது யாருக்கும் மனம் நோகவில்லை என்று நம்புகிறோம். சிலுவை போட்ட துணியையும் அப்படியே திருப்புகிறோம். போர்வை போய்ச் சேரும் வீட்டில் என்ன மதம் என்று எங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கொடி, ராணுவப் புள்ளித் துணி இரண்டும் கூடாது. சண்டை நடக்கும் ஊரில் அதைப் போர்த்தியவரைப் படையாள் என்று எண்ணிவிட இடமுண்டு.

போர்வைகளோடு அனுப்பும் பள்ளிப் பைகளிலும் சுகாதாரப் பைகளிலும் இதே கண்டிப்புதான். பள்ளிப் பை என்றால் 14-க்கு 17 அங்குலத் துணிப் பையில் 70 தாள் நோட்டு நான்கு, சீவாத பென்சில் ஐந்து, கறுப்பு அல்லது நீலப் பந்துமுனைப் பேனா ஐந்து, சென்டிமீட்டர் போட்ட அளவுகோல், முனை மழுங்கிய கத்தரி, பென்சில் சீவி, அழிப்பான், 16 அல்லது 24 க்ரேயான். அங்குலம் மட்டும் போட்ட அளவுகோல் அமெரிக்காவுக்கு வெளியே வகுப்பில் உதவாது. "இரண்டு மிட்டாய் வைத்தால் என்ன?" என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு வகுப்பில் ஒரு பைக்கு மட்டும் மிட்டாய் வந்தால் என்ன நடக்கும் என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். சுகாதாரப் பையில் பற்பசை வைக்காதது அதற்குக் காலாவதித் தேதி உண்டு என்பதால். துவாலை கருநிறம், சோப்பு உறை பிரிக்காமல் மொத்தம் 8 முதல் 9 அவுன்ஸ், பல்துலக்கி, சீப்பு, நகவெட்டி, அவ்வளவே.

பெட்டிகளைத் தூக்கியவர்களுக்கும், ஒரு பெட்டியில் ஒரே வகைப் பொருள் என்று பிடிவாதமாக எழுதி ஒட்டியவர்களுக்கும் நன்றி. கிடங்கில் போர்வைகளை இயந்திரத்தில் அழுத்திப் பெருங்கட்டாகக் கட்டுகிறார்கள். உள்ளே மறந்த ஒரு குண்டூசி யார் கையிலாவது ஏறும், ஈரத்தோடு போன ஒரு போர்வை சுற்றியுள்ளவற்றுக்கும் பூஞ்சணம் ஏற்றும். காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு போர்வையையும் தடவிப் பார்த்த பாட்டிமார் அதனால்தான் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

வயல் குழுவின் நன்றி நிலம் விட்டவருக்கும், விதையும் உரமும் டீசலும் தந்தவர்களுக்கும், தன் அறுவடையை நிறுத்திவிட்டு கம்பைன் அறுவடை இயந்திரத்தைக் கொண்டுவந்தவருக்கும். அந்த நிலத்துச் சோளம் விற்ற பணம் குரோயிங் ஹோப் குளோபலி வழியாக வெளிநாட்டுச் சிறு விவசாயிகளின் திட்டங்களுக்குப் போகிறது. 1999-இல் ஃபுட்ஸ் ரிசோர்ஸ் பேங்க் என்ற பெயரில் தொடங்கியது அந்த அமைப்பு. இங்கே தானியம் அளப்பது புஷல் கணக்கில். ஒரு புஷல் மக்காச்சோளம் 56 பவுண்டு, ஈரம் 15 சதவீதம் என்பது விற்பனைக் கணக்கு. அதற்கு மேலே போனால் உலர்த்தும் கூலியும் எடைக் கழிவும் பிடிப்பார்கள். கொஞ்சம் பொறுத்து அறுத்தது வீண் போகவில்லை.

சொந்தத் தானியத்தைக் காணிக்கையாகக் கொடுத்தவர்கள், எடைச்சீட்டைச் சபையின் பெயரில் எழுதச் சொன்னது மிகச் சரி. விற்பதற்கு முன்பே தானியம் சபையின் கைக்கு மாற வேண்டும், எப்போது விற்பது என்பதைச் சபைதான் சொல்ல வேண்டும். தானே விற்றுக் காசோலை கொடுத்தால் அது முதலில் அவருடைய வருமானம் ஆகிவிடும், வரியும் வரும். விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்ட நிலத்தின் பங்குக்கு வேறு விதி இருப்பதால் அவர்கள் கணக்கரைக் கேட்டுக்கொள்ளவும்.

இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவு தரும் உள்ளூர் உணவு அலமாரிக்குப் பணமாகக் கொடுத்தவர்களுக்கு நன்றி. அலமாரிக்காரர்கள் உணவு வங்கியில் வாங்கும்போது அந்தப் பணத்துக்குக் கடையைவிட அதிகம் கிடைக்கும். அரசின் உணவு உதவி அட்டையில் சோப்பு, டயப்பர், கழிப்பறைத் தாள் எதுவும் வாங்க முடியாது. ஆகவே சுகாதாரப் பைக்கு மிஞ்சிய சோப்பு முழுவதும் அங்கே போயிற்று. ஆகஸ்டில் வந்து குவிந்த சுக்கினிக்கும் (பூசணி வகைக் காய்) நன்றிதான், ஆனால் அடுத்த ஆண்டு பாதியைத் தக்காளியாக நட்டுவிடுங்கள்.

குளிர்காலத் தையலுக்கு இப்போது தேவை ஒற்றைக் கட்டில் விரிப்பும் வெள்ளை க்ரோஷே நூலும். தடித்த ஜீன்ஸ் துணி கொண்டுவருபவர்கள் 16-ஆம் எண் தையல் இயந்திர ஊசியையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள், எங்களிடம் இருந்தவை எல்லாம் முறிந்துவிட்டன.

அன்புடன்,
தையல் குழுவும் வயல் குழுவும்