"முடியுமா தம்பி?" என்று அடிபட்டவனிடம் கேட்காதீர்கள்

டெல்டா மாவட்டங்களில் எம்.எம்.ஏ. போட்டி (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை) நடத்தும் அமைப்பாளர்களுக்கும், அந்தப் போட்டிகளில் நடுவராக நிற்பவர்களுக்கும் வணக்கம்.

நான் மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது வருடத்துக்கு மேல் கபடிக்கு விசில் ஊதியிருக்கிறேன். அறுவடை முடிந்த வயலில் தாளைச் செதுக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு விடிய விடிய நடக்கும் ஆட்டங்களில் நின்றவன். உங்கள் விளையாட்டை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. எங்கள் பக்கத்துப் பையன்கள் இதில் இறங்குவதில் எனக்கு மகிழ்ச்சிதான். கபடியில் கால்பிடி பிடித்துப் பழகியவனுக்கு எதிராளியைத் தரையில் சாய்ப்பது புதிய வித்தை அல்ல. என் கவலை ஃபவுலைப் பற்றியது. அதைவிட, ஃபவுலுக்குப் பிறகு நடப்பதைப் பற்றியது.

போன கோடையில் ஒரு திருமண மண்டபத்தில் நடந்த போட்டிக்குப் போயிருந்தேன். என்னிடம் கபடி கற்ற பையன் ஒருவன் ஆடினான். நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம் தூக்குகிறவன். மூன்று ரவுண்ட் ஆட்டம். இரண்டாவது ரவுண்டின் நடுவில் எதிராளி விரல்களை விரித்தபடி கையை நீட்டினான். ஒரு விரல் இவன் இடது கண்ணுக்குள் போனது. நடுவர் உடனே ஆட்டத்தை நிறுத்தினார். அதுவரை சரி. பிறகு தோளில் கை வைத்து, "முடியுமா தம்பி?" என்று கேட்டார்.

ஊரிலிருந்து வேன் பிடித்து வந்த கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. பின்வரிசையில் யாரோ "நடிக்கிறான்டா" என்று கத்துகிறார்கள். இருபது வயதுப் பையன் என்ன பதில் சொல்வான்? தலையாட்டினான். ஒரு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை, ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. இடப்பக்கமிருந்து வந்த எந்தக் குத்தையும் அவன் பார்க்கவில்லை. தோற்றான். மறுநாள் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனபோது கருவிழியில் கீறல் என்றார் கண் மருத்துவர். விரல் விட்டவனுக்கு ஓர் எச்சரிக்கைகூட இல்லை. அவன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவனும் யாரோ பெற்ற பிள்ளை. விரலை விரித்தால் என்ன விலை என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை.

திரும்பி வரும்போது வேனில் பையனைக் கேட்டேன், ஏன் தலையாட்டினாய் என்று. "முடியலன்னு சொன்னா தோத்ததா ஆயிடும்ல சார்" என்றான். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த மடலே எழுதுகிறேன்.

அவன் நினைத்தது தவறு. 2000ஆம் ஆண்டு நியூ ஜெர்சியில் உருவாகி, இன்று பெரும்பாலான போட்டிகள் பின்பற்றும் பொது விதிகளில் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. தற்செயலான ஃபவுலால் ஒருவன் தொடர முடியாமல் போனால், மூன்று ரவுண்ட் ஆட்டத்தில் இரண்டு ரவுண்ட் முடிவதற்கு முன் என்றால் அது 'நோ கான்டெஸ்ட்'. யாருக்கும் வெற்றியில்லை, யாருக்கும் தோல்வியில்லை. இரண்டு ரவுண்ட் முடிந்த பிறகு என்றால் அதுவரை போட்ட மதிப்பெண்ணைக் கூட்டி முடிவு சொல்ல வேண்டும். வேண்டுமென்றே செய்த ஃபவுல் என்றால் செய்தவன் தகுதி இழப்பான், அடிபட்டவன் வெல்வான். எங்கள் பையனுக்கு விரல் பட்டது இரண்டாவது ரவுண்டில். "கண் தெரியவில்லை" என்று அவன் சொல்லியிருந்தால் அவன் கணக்கில் ஒரு தோல்வி ஏறியிருக்காது. இதை அவனுக்குப் பயிற்சியாளரும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. தோல்விக்குப் பயந்து ஒற்றைக் கண்ணோடு ஆடி, தோல்வியையே வாங்கிக்கொண்டு வந்தான்.

"கண் தெரிகிறதா?" என்று கேட்பது வேறு, "ஆடுகிறாயா?" என்று கேட்பது வேறு. முதலாவது மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி. நல்ல கண்ணைப் பொத்தச் சொல்லி, விரலைக் காட்டி, எத்தனை என்று கேட்டால் தெரிந்துவிடும். இரண்டாவது கேள்வி அவனுடைய மானத்தைச் சோதிப்பது. மானத்தைச் சோதித்தால் எங்கள் ஊர்ப் பையன் ஒருநாளும் 'முடியாது' என்று சொல்ல மாட்டான்.

உலகப் பட்டத்துக்கு ஆடுகிறவர்களே இதில் தடுமாறுகிறார்கள். 2019 மார்ச்சில் அப்போதைய சாம்பியன் ஜோன் ஜோன்ஸ், தரையில் இருந்த அந்தோணி ஸ்மித்தின் தலையில் முழங்காலால் இடித்தார்; அது ஃபவுல். தொடர முடியாது என்று ஸ்மித் சொல்லியிருந்தால் பட்டமே அவர் கைக்கு வந்திருக்கக்கூடும். அவர் எழுந்து ஆடினார். ஜோன்ஸுக்கு 2 புள்ளி கழித்தும் ஸ்மித் தோற்றார். 2021 மார்ச்சில் இன்னொரு சாம்பியன் பெத்ர் யான் அதே தவறைச் செய்தபோது அல்ஜமெய்ன் ஸ்டெர்லிங்கால் தொடர முடியவில்லை. யான் தகுதி இழந்தார், பட்டம் கை மாறியது. அடி வாங்கிய ஸ்டெர்லிங்கைத்தான் நடிகன் என்று ஏசினார்கள். அடுத்த வருடம் யானோடு மறுபடி மோதி வென்று காட்டவேண்டியிருந்தது அவருக்கு. 2025 அக்டோபரில் அபுதாபியில் சிரில் கானின் விரல் கண்ணில் பட்டு, டாம் ஆஸ்பினாலின் ஆட்டம் முதல் ரவுண்டிலேயே நோ கான்டெஸ்ட் ஆனது. அங்கேயும் கூட்டம் கண் தெரியாதவனைப் பார்த்துத்தான் கூச்சலிட்டது. மன்னார்குடியானாலும் அபுதாபியானாலும் கூட்டம் அப்படித்தான். அந்தக் கூச்சலுக்கும் பையனுக்கும் நடுவில் நிற்கத்தானே நடுவர்?

அடுத்து, செய்தவனுக்கான விலை. உங்கள் நடுவர்கள் புள்ளி கழிக்கத் தயங்குகிறார்கள். ஏன் என்று எனக்குப் புரிகிறது. ரவுண்டை வென்றவனுக்கு 10, தோற்றவனுக்கு 9 என்று போகும் கணக்கில் 29–28 என்று வெல்ல வேண்டியவன் ஒரு புள்ளி இழந்தால் 28–28, சமன். இரண்டு புள்ளி போனால் தோல்வி. இவ்வளவு கனமான தண்டனையைக் கையில் எடுக்க மனம் வராமல், "பார்த்து ஆடுப்பா" என்று ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை சொல்கிறார்கள். இதற்குள் பையன்கள் ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்கள்: முதல் ஃபவுல் இலவசம். கம்பி வலையைப் பிடிப்பதைப் பாருங்கள். எதிராளி இடுப்பைக் கட்டித் தூக்குகிறான், இவன் வலையில் விரலை மாட்டிக்கொள்கிறான். நடுவர் கையைத் தட்டிவிடுகிறார். ஆனால் விழ வேண்டியவன் விழவில்லையே! தூக்கியவன் மூச்சு போனது, நேரம் போனது, அந்த ரவுண்டே போனது. திருடிய பொருள் திருடியவனிடமே இருக்கிறது.

கபடியில் எங்களுக்கு இந்த வகையில் வசதி உண்டு. பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சள் என்றால் 2 நிமிடம் வெளியே, சிவப்பு என்றால் ஆட்டம் முழுக்க வெளியே. பாடி வருகிறவன் வாயைப் பொத்தினாலும், காலால் கத்திரி போட்டாலும் ஃபவுல். ஆரம்ப ஐந்து நிமிடத்துக்குள் ஓர் அட்டையை எடுத்துக் காட்டிவிட்டால் மிச்ச ஆட்டம் ஒழுங்காக நடக்கும். இதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். கூண்டுக்குள் ஆளைச் சற்று நேரம் வெளியே அனுப்பிவைக்க வழியில்லை. தகுதி நீக்கம் வரை போகாமல் தண்டிக்க உங்களிடம் இருப்பது புள்ளி மட்டும்தான். அதையும் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் எப்படி? உங்கள் விதியில் இன்னொன்றும் இருக்கிறது: விரலை எதிராளி முகத்துக்கு நேராக நீட்டி வருவதே ஃபவுல், கண்ணில் பட வேண்டியதில்லை. 2017 முதல் இருக்கிறது. நான் பார்த்த போட்டிகளில் அதை ஒருமுறைகூட யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

விதி மாறுவதையும் பையன்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு கையைத் தரையில் ஊன்றிவிட்டால் தலையில் முழங்கால் விழாது என்று பழைய வீடியோ பார்த்து நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 2024 நவம்பரில் அமலுக்கு வந்த திருத்தப்படி, கையும் பாதமும் தவிர உடம்பின் வேறு பகுதி தரையில் பட்டால்தான் அவன் 'தரையில் இருப்பவன்'. மேலிருந்து நேர்கீழாக முழங்கையால் இடிப்பதும் அதே திருத்தத்தில் ஃபவுல் பட்டியலிலிருந்து போய்விட்டது. ஜோன்ஸின் கணக்கில் உள்ள ஒரே தோல்வி, 2009இல் மாட் ஹாமிலிடம் தகுதி இழந்தது, அந்த முழங்கையால் வந்ததுதான். நீங்கள் எந்த விதியை எடுத்துக்கொண்டாலும் சரி. எடை பார்க்கும்போதே அதைத் தமிழில் சொல்லுங்கள். ஒருவன் பழைய விதியையும் மற்றவன் புதிய விதியையும் நம்பிக் கூண்டுக்குள் போனால் பிடரியும் தலையும்தான் அதற்கு விலை.

மருத்துவர் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்காதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன். அவர் இன்னும் வந்து சேரவில்லை என்றால் கூட்டம் காத்திருக்கட்டும்.

தை அறுவடை முடிந்ததும் அடுத்த போட்டி என்று கேள்விப்பட்டேன். எங்கள் பையன் பெயர் கொடுத்துவிட்டான், கண் ஆறிவிட்டது. எடை பார்க்கும் அன்று எனக்கு அரை மணி நேரம் தாருங்கள். பயணப்படி, மரியாதை எதுவும் வேண்டாம். ஒரு கரும்பலகை போதும். ஆடப்போகும் அத்தனை பேரையும், அவர்களோடு வரும் அப்பா அம்மாவையும் உட்காரவைத்து, எது ஃபவுல், எந்த ரவுண்டில் நிறுத்தினால் என்ன முடிவு என்று எழுதிப் போடுகிறேன். நடுவர்களும் பக்கத்தில் இருந்தால் நான் தவறாகச் சொல்வதைத் திருத்தலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம்.