கண்ணாடித் தொட்டியும் இரண்டு முட்டையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், வீட்டில் வளர்க்கும் அரிய பிராணிகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையில், "நாய் வளர்ப்பதைவிட உடும்பு வளர்ப்பது சுலபம், ஒரு கண்ணாடித் தொட்டியும் வாரத்துக்கு இரண்டு முட்டையும் இருந்தால் போதும்" என்று ஒரு வரி இருந்தது. கால்நடை ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், தங்கள் நாளிதழை என் தந்தையார் காலத்திலிருந்து வாங்கிவரும் வீட்டைச் சேர்ந்தவன் என்ற முறையிலும், அந்த வரியைப் படித்து மிகவும் மனம் வருந்தி இதை எழுதுகிறேன்.

எந்த உடும்பு என்று கட்டுரை சொல்லவே இல்லை. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் கரடுகளிலும் கிருஷ்ணகிரி மாந்தோப்புகளிலும் நாம் காணும் உடும்பு, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில் இருக்கிறது என்பது தாங்கள் அறிந்ததே. அதைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பவருக்கு மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். தாங்கள் கட்டுரையோடு அச்சிட்டதோ நம் ஊர் உடும்பின் படம். அதைப் பார்த்துவிட்டு, கரட்டோரம் ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் உடும்புக் குட்டியைப் பிடித்து வந்து தொட்டியில் விட்டால், வனத்துறையினர் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கட்டுரை எழுதியவர் வீட்டுக்குப் போகமாட்டார்கள்.

பெங்களூரிலிருந்து ஓசூர் வரை கைமாறி வருவது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு இனம்; வியாபாரிகள் அதை சவானா மானிட்டர் என்கிறார்கள். அதற்கும் சட்டம் உண்டு. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024 பிப்ரவரியில் விதிகளும் வந்த பிறகு, அதை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாற்றினாலும், அது குட்டி பொரித்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். முழுப்பக்கக் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இடம் கிடைக்கவில்லை.

ஓசூர்ப் பக்கம் ஒரு குடும்பத்தார், தெரிந்தவர் மூலமாக என்னை அழைத்து அப்படியொரு பிராணியைக் காட்டினார்கள். மீன் வளர்க்கும் தொட்டியில், உடலைத் திருப்பக்கூட இடமின்றி அது கிடந்தது. மேலே சாதாரண மஞ்சள் பல்பு. உணவு, கோழிக்கறியும் வேகவைத்த முட்டையும். முன்கால்கள் இரண்டும் வளைந்திருந்தன. தாடையைத் தொட்டபோது எலும்பு ரப்பரைப் போல அமுங்கியது. சதைக்கறியில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. புற ஊதாக் கதிரும் கிடைக்காவிட்டால் உடலில் வைட்டமின் டி3 உருவாவதில்லை. அப்போது உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளத் தொடங்கும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். கொண்டுபோனார்கள்; ஆனாலும் அது பிழைக்கவில்லை. அவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். விற்றவரிடம் கேட்டு, அவர் சொன்னபடியே செய்தவர்கள். விற்றவர் சொன்னதும் தங்கள் கட்டுரை சொல்வதும் ஏறக்குறைய ஒரே சொற்கள்தாம் என்பதே என்னை உறங்கவிடவில்லை.

அந்தப் பிராணி மூன்று, நான்கு அடி நீளம் வளரக்கூடியது. பத்து ஆண்டுக்கு மேலும் வாழும். அதற்குக் குறைந்தது எட்டடி நீளம், நான்கடி அகலமுள்ள அறை வேண்டும். அதில் இரண்டடி ஆழத்துக்குக் குறையாமல் ஈரப்பதமுள்ள மண் இருக்க வேண்டும். ஏனெனில் அது வளை தோண்டி உள்ளே கிடந்துதான் உடலின் நீரைக் காத்துக்கொள்கிறது. நீர் வற்றினால் சிறுநீரகம் கெடும். வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியசுக்கு மேல் சுட வேண்டும். மறுகோடி குளிர்ந்திருக்க வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மார்கழிக் குளிரில், இரவில் மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதை அது வீட்டுக்கு வருவதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும். தொட்டியைச் சன்னலோரம் வைத்தால் வெயில் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும், வெப்பத்தை மட்டும் உள்ளே விடும். அதற்கென்று விற்கும் விளக்கும் வெளிச்சம் குறையாமல் எரிந்துகொண்டே கதிர்வீச்சை இழந்துவிடும் என்பதால், குறித்த காலத்தில் மாற்றியாக வேண்டும். காட்டில் அது பெரும்பாலும் பூச்சியும் மரவட்டையும் நத்தையும் தின்பது. கறியும் எலியுமாகக் கொடுத்துக் கொழுக்க வைத்தால் ஈரல் கெட்டுச் சாகும். இவ்வளவையும் பிராணி வருவதற்கு முன்பே கற்றுக்கொண்டு, அறையைக் கட்டிச் சூடு பார்த்து, ஊர்வனவற்றுக்கு மருத்துவம் செய்யத் தெரிந்தவர் எங்கிருக்கிறார் என்றும் விசாரித்து வைத்திருப்பவர்தான் அதை வளர்க்கத் தகுதியானவர்.

தங்கள் இதழில் உடும்புக்கு இழைக்கப்படும் அநீதி இது முதல் முறையன்று. சில ஆண்டுகளுக்கு முன், வாலைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டித் தூக்கிப் பிடித்த உடும்பின் படத்தைப் போட்டு, 'ராட்சத உடும்பு பிடிபட்டது, மக்கள் நிம்மதி' என்று செய்தி வெளியிட்டீர்கள். எலியையும் வண்டையும் தின்று தோட்டத்துக்கு நன்மை செய்யும் பிராணியைக் கண்டு மக்கள் எதற்காக நிம்மதி இழந்தார்கள் என்று அப்போதே எழுதிக் கேட்டேன். கடிதம் வெளிவரவில்லை, பதிலும் இல்லை. பிறகு, மூட்டு வலிக்கு உடும்பு எண்ணெய் என்ற விளம்பரத்தை உள்பக்கத்தில் கண்டேன். அந்த எண்ணெய் உண்மையாயின் விற்றவர் குற்றவாளி. பொய்யாயின் வாங்கியவர் ஏமாந்தவர். இரண்டில் எதுவானாலும் அது தங்கள் நாளிதழின் பக்கத்தில் இடம்பெற்றிருக்கக் கூடாது. வடநெம்மேலி முதலைப் பண்ணையில் ஊர்வனவற்றைப் பராமரிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் தங்கள் கட்டுரையாளர் இவற்றையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

நான் கேட்பது சிறிய உதவிதான். வரும் ஞாயிறு இணைப்பில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், நம் நாட்டு உடும்பை வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்றும், கண்ணாடித் தொட்டியும் இரண்டு முட்டையும் எந்த உடும்புக்கும் போதாது என்றும் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். உள்பக்க மூலையில் 'வருந்துகிறோம்' என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துவிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.