பிள்ளைகள் குறைவு என்றால் வேலையும் குறைவா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படிப்புக்கே முதலிடம் கொடுக்கும் சிறிய உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வகுப்பில் பிள்ளைகள் குறைவு, அதனால் ஆசிரியர்களுக்கு வேலையும் குறைவு, ஆகவே நல்ல தேர்ச்சி வருவதில் வியப்பில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. உங்கள் இதழை நெடுங்காலமாக வாசித்து வருகிறேன், என் மாணவர்களையும் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். அந்த வரி என்னைப் புண்படுத்தியது.

ஓய்வு பெறும் வரை அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் கணிதம் நடத்தியவள் நான். பெரிய பள்ளியில் கணிதத்துக்கு மட்டும் ஐந்தாறு பேர் இருப்பார்கள். ஒருவர் வினாத்தாள் எடுப்பார், இன்னொருவர் சரிபார்ப்பார், ஒரே பாடத்தை மூன்று பிரிவுகளுக்கு நடத்தலாம். எங்கள் பள்ளியில் கணிதத்துக்கு நான் ஒருத்திதான். நான்கு வகுப்பு என்றால் நான்கு வெவ்வேறு பாடம், நான்கு தயாரிப்பு. இயற்பியல் ஆசிரியர் பாதி ஆண்டில் விலகிப் போனால் இயற்பியலும் எனக்குத்தான் வரும். யாராவது விடுப்பு எடுத்தால் என் ஓய்வுப் பாடவேளை போய்விடும். இதெல்லாம் சிறிய பள்ளியில் வேலை செய்த எவருக்கும் தெரிந்த விஷயம். கட்டுரை எழுதியவர் ஓர் ஆசிரியரிடமாவது கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஆனால் என் கோபம் வேலைப் பளுவைப் பற்றியது மட்டும் இல்லை. பிள்ளைகள் குறைவாக இருந்தால் என்ன வேலை கூடுகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். (-3)² எவ்வளவு என்று கேட்டால் வகுப்பில் மூன்று பேர் -9 என்று எழுதுவார்கள். ஒருவன் கால்குலேட்டரில் அடைப்புக்குறியை விட்டுவிட்டு அழுத்தியிருப்பான். ஒருத்தி, அடுக்கு எண்ணுக்குத்தான், குறிக்கு இல்லை என்று நினைத்திருப்பாள். மூன்றாவது பிள்ளைக்குக் குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை எண் வருகிறது என்பதே பிடிபட்டிருக்காது; கீழ் வகுப்பிலிருந்தே அந்தச் சந்தேகத்தைச் சுமந்துகொண்டு வந்திருக்கும். மூன்று விடைக்கும் தப்பு போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடலாம். வகுப்பில் 50 பேர் இருக்கும் ஆசிரியர் வேறு வழியில்லாமல் அதைத்தான் செய்கிறார், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். 18 பேர் இருக்கும்போது அப்படிச் செய்ய மனசாட்சி விடாது. மூவரின் தப்பும் வேறு வேறு என்று கண்டுபிடித்து, மூவருக்கும் மூன்று விதமாக எழுதித் தர வேண்டும். சிறிய வகுப்பு என்ற வசதியின் பயன் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. அதைச் செய்யாத சிறிய பள்ளியில் பெஞ்சுகள் காலியாக இருக்குமே தவிர வேறு லாபம் இல்லை.

விடைத்தாளில் எழுதித் தருவது என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் வெளியிட்ட ஆய்வு கல்வித் துறையில் எல்லாருக்கும் தெரிந்தது. ஒரு குழுப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் மட்டும், இன்னொரு குழுவுக்குக் குறிப்பு மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் முன்னேறினார்கள், ஆர்வமும் அவர்களிடம்தான் நிலைத்தது. இரண்டையும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். அவர்கள் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். என் பத்தாம் வகுப்பிலும் நான் கண்டது அதுவே. எண் தெரிந்த உடனே தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள், கீழே நான் எழுதியதில் ஒரு வரிகூடப் படிக்க மாட்டார்கள். அப்புறம் மதிப்பெண்ணைத் தனியாக என் நோட்டில் வைத்துக்கொண்டு, தாளில் குறிப்பு மட்டும் எழுதிக் கொடுத்தேன். பெற்றோர் கூட்டத்தில் அதற்கு நான் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல. மார்க் போடாமல் என்ன திருத்துகிறீர்கள் என்று கேட்டார்கள். அவர்களில் சிலர் கையில் உங்கள் இதழின் தேர்வு முடிவுச் சிறப்பிதழ் இருந்தது.

அந்தச் சிறப்பிதழைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் ஆண்டுதோறும் அதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். பள்ளிகளைச் சராசரி மதிப்பெண்படி வரிசைப்படுத்திப் போடுகிறீர்கள். 15 பேர் தேர்வு எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை காய்ச்சலோடு வந்து 60 மதிப்பெண் இழந்தால் பள்ளியின் சராசரி 4 குறையும். 300 பேர் எழுதும் பள்ளியில் அதே காய்ச்சலுக்கு 0.2தான் குறையும். அதனால்தான் சிறிய பள்ளிகள் ஓர் ஆண்டு பட்டியலின் உச்சியிலும் அடுத்த ஆண்டு கீழேயும் கிடக்கின்றன. அங்கே பாடம் நடத்துவது ஓர் ஆண்டில் தலைகீழாக மாறிவிடுவதில்லை. உங்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று நான் நினைக்கவில்லை. தெரிந்தும் போடுகிறீர்களே என்பதுதான் வருத்தம். ஒரு முறை பட்டியலில் எங்கள் பள்ளி சரிந்தபோது, நன்றாகப் படித்த பிள்ளைகள்கூடத் தாங்கள்தான் காரணமோ என்று தலைகுனிந்து நின்றார்கள்.

வகுப்பில் எத்தனை பேர் இருக்கலாம் என்பது பற்றி அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடந்த ஆய்வைக் கட்டுரையில் மேற்கோள் காட்டியிருந்தீர்கள். 1985இல் தொடங்கிய நல்ல ஆய்வு அது, மறுக்கவில்லை. 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகள் 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளைவிட நன்றாகச் செய்தன. ஆனால் அது மழலையர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை நடந்த சோதனை. அதை அப்படியே பதினைந்து வயதுப் பிள்ளைகள் மீது ஏற்றிவிட்டு, எண்ணிக்கை குறைந்தாலே தேர்ச்சி தானாக வரும் என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். வகுப்பு சிறியதாகியும் ஆசிரியர் பழையபடி கரும்பலகையைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தால் என்ன மாறும்?

வாரந்தோறும் தேர்வு வைத்துப் பிள்ளைகளை வதைக்கிறார்கள் என்ற வரியையும் விட மனமில்லை. சில பள்ளிகளில் அது உண்மைதான், தேர்வை மிரட்டலாகவே பயன்படுத்துகிறார்கள். எங்கள் பள்ளியில் பாடவேளை தொடக்கத்தில் சில சின்னக் கேள்விகள் கேட்போம். ஒன்று நேற்றைய பாடம், ஒன்று போன வாரத்தது, ஒன்று போன மாதத்தது. மதிப்பெண் கிடையாது, பதிவேடு கிடையாது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படித்துவிட்டுத் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. நினைவிலிருந்து எடுத்துப் பழகுவதும் படிப்புதான். போர்ஷனை முடிக்கும் அவசரத்தில் பல பள்ளிகள் விட்டுவிடுவது இதைத்தான். இதை வதை என்று எழுதியதைப் படித்துவிட்டு, இன்னும் அங்கே வேலை செய்யும் இளம் ஆசிரியை ஒருவர் என்னிடம் தொலைபேசியில் அழுதார்.

இத்தனை எழுதிய கட்டுரையாளர், இந்தப் பள்ளிகளில் உண்மையாகவே கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்துச் சேர்த்தால் அவர்களுக்குள்ளே என்ன நடக்கிறது? பழைய பள்ளியில் முதலாவதாக வந்த ஒரு பெண் எங்களிடம் சேர்ந்தாள். கணிதத்தில் முன்பைவிட நன்றாகத்தான் செய்தாள், அவளுடைய நோட்டே சாட்சி. ஆனால் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் அவளைப் போன்றவர்கள். சில மாதங்களில் கை தூக்குவதை நிறுத்திவிட்டாள். "எனக்குக் கணக்கு வராது டீச்சர்" என்றாள். அந்த வார்த்தை இன்றும் என்னை உறுத்துகிறது. ஹெர்பர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் இதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். ஒரே திறமை உள்ள இரண்டு பிள்ளைகளில், கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளியில் இருக்கும் பிள்ளைக்குத்தான் தன் படிப்பின் மீது நம்பிக்கை குறைவு என்று அவரும் அவருடன் ஆய்வு செய்தவரும் 26 நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களின் தரவுகளிலிருந்து காட்டினார்கள். படிப்பை முன்னிறுத்தும் எந்தச் சிறிய பள்ளியும் முதலில் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான். வகுப்பில் ரேங்க் போடுவதை நிறுத்த வேண்டும் என்று நிர்வாகத்திடம் நான் வாதாடியது அந்தப் பெண்ணை மனதில் வைத்துத்தான். அப்போதும் வெளியிலிருந்து வந்த பதில், பத்திரிகையே ரேங்க் போடுகிறதே என்பது.

நுழைவுத் தேர்வு வைத்துப் பொறுக்கி எடுத்துவிட்டு, அந்தத் தேர்ச்சியைத் தங்கள் சாதனையாக விளம்பரம் செய்யும் பள்ளிகளைப் பற்றி முன்பே உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். சேரும்போது எங்கே நின்ற பிள்ளை, போகும்போது எங்கே நிற்கிறது என்பதைக் கொண்டு பள்ளியை அளக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். கடிதத்தை வெளியிட்டீர்கள், நன்றி. ஆனால் அந்தப் பத்தியை மட்டும் வெட்டிவிட்டீர்கள். மிஞ்சியது பள்ளிகளைப் பாராட்டும் கடிதமாக இருந்தது. உடன் வேலை செய்தவர்கள் என்னிடம் வந்து கேட்டபோது என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். இடப் பற்றாக்குறை உங்களுக்கு இருக்கும், புரிகிறது. வெட்டுவதாக இருந்தால் முழுவதையும் விட்டுவிடுங்கள் என்று மரியாதையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது நான் கேட்பது இரண்டுதான். ஆசிரியர்களுக்கு வேலை குறைவு என்ற அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள், இரண்டு வரி போதும். அடுத்த தேர்வு முடிவுச் சிறப்பிதழில் பட்டியலைப் போட்டே தீர வேண்டும் என்றால், ஒவ்வொரு பள்ளியின் சராசரிக்கும் பக்கத்தில் எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்ற எண்ணிக்கையையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை