லயத்து முற்றத்தில் நடக்க வேண்டிய நாடகம்: தேவிகுளம் வட்டத்து ஊராட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

தேவிகுளம் வட்டத்து ஊராட்சித் தலைவர்களுக்கும் சுகாதார, கல்வி நிலைக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தேயிலை எஸ்டேட் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது எஸ்டேட்டில் எங்கள் பிரிவான டிவிஷனின் பிள்ளைகளோடு சேர்ந்து தெருநாடகம் போடுகிறேன். வளரிளம் பருவத்தினரின் உடல்நல விழிப்புணர்வுக்கு நீங்கள் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்த பிள்ளைகள் தாங்களே நாடகம் கட்டி நடத்துவதற்குத் தர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

சென்ற ஆண்டு வெளியூர்க் கலைக்குழு ஒன்று எங்கள் டிவிஷனுக்கு வந்து, காலை பதினொரு மணிக்கு, கொழுந்து எடுப்பவர்கள் எல்லோரும் மலையில் இருக்கும் நேரத்தில், முதியவர்களும் கைக்குழந்தைகளும் மட்டும் பார்க்க, நல்ல மலையாளத்தில் ஒரு நாடகத்தை நடத்திவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போனது. நடிப்பில் குறை இல்லை. ஆனால் யாருக்காக நடித்தார்களோ அவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் பலர் விழுங்குவதில்லை. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், மலம் கறுத்துப் போகும், அதைக் கண்டு பயந்துவிடுவார்கள். இதை வைத்தே பதினொன்றாம் வகுப்புப் பெண்கள் மூவர் ஒரு காட்சி கட்டினார்கள். மகள் மாத்திரையைப் பாவாடை மடிப்பில் ஒளித்து வைக்கிறாள். அம்மா கண்டுபிடித்து, சோறு போட்ட கையோடு கட்டன் சாயாவும் (பாலில்லாத தேநீர்) ஊற்றிக் கொடுத்து, அதோடு சேர்த்து விழுங்கச் சொல்கிறாள். அந்த இடத்தில் நாடகத்தை நிறுத்தி, 'இந்த அம்மாவின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டோம். பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகுஸ்தோ போவால் வகுத்த முறை இது: பார்ப்பவரே எழுந்து வந்து நடித்துக் காட்ட வேண்டும். மூன்று பேர் வந்து மூன்று விதமாகக் காட்டினார்கள். பிறகு, சாப்பாட்டோடும் மாத்திரையோடும் தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும், ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், நெல்லிக்காயும் கொய்யாவும் நல்லது என்று செவிலியர் விளக்கியபோது, பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா, 'பறிக்கிறதும் நாங்க, அதக் குடிச்சு ரத்தம் கொறையறதும் எங்களுக்கா?' என்று கேட்டதும் முற்றமே சிரித்தது. துண்டறிக்கை எதுவும் அந்தச் சிரிப்பை வரவழைத்து நான் பார்த்ததில்லை.

கேரளத்துக்கு இது புதிதன்று. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கத்தின் கலாஜாத்தா என்னும் கலைப்பயணம் 1980-லேயே அறிவியலைப் பாட்டாகவும் நாடகமாகவும் ஊர் ஊராகக் கொண்டுசென்றது. தமிழகத்தில் 1990-களில் எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கம் அதே வழியில் நடந்தது. இரண்டுக்கும் நடுவே மலைமேல் இருக்கும் எங்களுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் மொழிபெயர்த்த துண்டறிக்கைதான்.

தோழர் வழிக் கல்விக்கும் திட்டம் இருக்கிறது. 2014-இல் மத்திய அரசு தொடங்கிய வளரிளம் பருவ நலத்திட்டம், 10 முதல் 19 வயது வரையிலானவர்களுக்காக, ஊருக்கு இரண்டு ஆண், இரண்டு பெண் எனச் சம வயதுத் தோழர்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. அவர்களுக்கு வைத்த இந்திப் பெயர் 'சாத்தியா'. எங்கள் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு 'சாத்தியமா சார்?' என்கிறார்கள். பயிற்சிக்கு மூணாறு போய்வரும் பேருந்துச் செலவும் ஒரு வேளைச் சாப்பாடும் கையிலிருந்து போகிறது என்றால், கூலி வேலைக்காரர் வீட்டுப் பிள்ளை எத்தனை முறை போகும்? அந்தச் செலவையாவது ஊராட்சி ஏற்க வேண்டும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இந்தப் பிள்ளைகளை அரைகுறை மருத்துவர்களாக்க நான் கேட்கவில்லை. மாதவிடாய் வலி, மனச்சோர்வு, போதைப் பழக்கம் ஆகியவற்றைப் பற்றி ஒரு பதினாறு வயதுப் பெண் தன் வயதுக்காரியிடம்தான் முதலில் வாய் திறப்பாள். அதைக் கேட்டு, பயமுறுத்தாமல், உரிய இடத்துக்கு அழைத்துப்போவதே அவர்கள் வேலை. அழைத்துப்போகும் இடத்தில் தமிழில் பேச ஆள் இருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

ஒரே லயத்துக்கு ஒரு மாதம் கழித்து மீண்டும் போக வேண்டும், மாலை ஐந்தரைக்குப் பிறகு. அடுத்த நாடகம் எங்கள் குழாயடி முற்றத்தில்தான். உறுப்பினர்கள் வந்தால் உட்காரப் பாய் போடுவோம். முடிந்ததும் கேள்விகள் நிறைய வரும், அவற்றுக்குப் பதில் சொல்ல ஒரு செவிலியரை உடன் அழைத்து வாருங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
தேவிகுளம் வட்டம், இடுக்கி மாவட்டம்