நாலு மாசம் கழிச்சு பிரிச்ச பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேசுன சரக்கு ஒண்ணு, வந்து இறங்குன சரக்கு வேறன்னா வாங்குனவங்களுக்கு என்னென்ன உரிமை இருக்குன்னு போன இதழ்ல போட்டிருந்தீங்க, நல்லா இருந்துச்சு. ஆனா அந்த உரிமைக்கெல்லாம் ஒரு கெடு இருக்குங்கறத விட்டுட்டீங்க, எங்க கம்பெனி அடிபட்டதே அங்கதான், அதான் எழுதுறேன்.

வெளிநாட்டு சப்ளையர் ஒருத்தர்கிட்ட இரும்பு பிராக்கெட் ஆர்டர் பண்ணோம், சாம்பிள் 2 மி.மீ. கனம், அதத்தான் ஒப்பந்தத்துலயும் எழுதுனோம். பெட்டிங்க வந்துச்சு, "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்"னு கையெழுத்து போட்டு குடோன்ல அடுக்கிட்டோம். நாலு மாசம் கழிச்சு பிரிச்சா பிராக்கெட்டு கையிலயே வளையுது, வெர்னியர் (கனம் அளக்குற கருவி) வச்சு அளந்தா 1.6 மி.மீ. தான் காட்டுது. போன் போட்டு "சரக்கு சரியில்ல"ன்னு மட்டும் சொன்னோம், எந்த பெட்டி, எவ்வளவு குறையுதுன்னு எழுத்துல ஒரு வரி கூட அனுப்பல. கடைசில பைசா திரும்பல.

நாடு விட்டு நாடு நடக்குற வியாபாரத்துக்கு 1980ல போட்ட ஐ.நா. வியன்னா ஒப்பந்தம் (1988ல அமலுக்கு வந்தது) இத தெளிவா சொல்லுது. 38வது பிரிவுப்படி சரக்கு வந்ததும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சோதிச்சு பாக்கணும், 39வது பிரிவுப்படி என்ன குறைன்னு குறிப்பிட்டு நியாயமான காலத்துக்குள்ள சொல்லணும், இல்லன்னா கேக்குற உரிமையே போயிடும். அந்த 39வது பிரிவுல சரக்கு கைக்கு வந்ததுல இருந்து ரெண்டு வருஷம்னும் ஒரு கெடு வருது, அத பாத்துட்டு அதுவரைக்கும் டைம் இருக்குன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது தப்பு, அது எப்படியும் தாண்டக்கூடாத கடைசி எல்லைதான். விக்கிறவருக்கு குறை தெரிஞ்சிருந்தும், இல்ல தெரியாம இருந்திருக்கவே முடியாதுங்கற நிலையிலயும், வாங்குனவர்கிட்ட சொல்லாம விட்டிருந்தா அவர் இந்த கெடுவ காட்டி தப்பிக்க முடியாது, அது 40வது பிரிவு.

விக்கிறவர் பக்கமும் நியாயம் இருக்குங்க. ரொம்ப இழுத்தடிக்காம, வாங்குனவருக்கு பெரிய தொந்தரவு இல்லாம, சொந்த செலவுல சரி பண்ணி குடுக்க அவருக்கு உரிமை இருக்கு, சின்ன குறைக்கெல்லாம் ஒப்பந்தத்தையே ரத்து பண்ணிட முடியாது. அப்படி வாய்ப்பு குடுத்தும் சரி ஆகலன்னா விலைய குறைக்க சொல்லலாம், அதுக்கு கணக்கும் இருக்கு: சரியான சரக்கு டெலிவரி அன்னிக்கு 100 பெறும், வந்தது 80தான் பெறும்னா ஒப்பந்த விலையில அஞ்சுல ஒரு பங்கு கழியும். திருப்பி அனுப்பப் போறோம்னா கூட அதுவரைக்கும் சரக்க மழையில போடாம பத்திரமா வச்சிருக்கறது நம்ம பொறுப்பு.

வீட்டு உபயோகத்துக்கு வாங்குற பொருளுக்கு இந்த ஒப்பந்தம் பொருந்தாது, அதுக்கு அந்தந்த நாட்டு நுகர்வோர் சட்டம்தான், அதையும் சேத்து சொல்லிடுங்க, குழப்பிக்கிறாங்க.

அடுத்த இதழ்ல குறை தெரிவிக்கிற லெட்டர் எப்படி எழுதணும்னு ஒரு மாதிரி போட்டா உதவியா இருக்கும்: பெட்டி நம்பர், அளந்த தேதி, ஒப்பந்தத்துல என்ன, வந்தது என்ன, நாம என்ன கேக்குறோம். அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
கொள்முதல் பிரிவுல வேலை பாக்குற ஒரு வாசகர்