பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் ஒரு சனிக்கிழமை

லண்டன்,
17 ஏப்ரல் 2005

அன்பு நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை கைக்குக் கிடைத்தது. ஏப்ரல் 5ஆம் தேதி கனடாவில், நம் பழைய பிரிட்டிஷ் அறிவியல்புனைவுத் தொடர் ‘டாக்டர் ஹூ’ மீண்டும் தொடங்கி, அதன் முதல் எபிசோட் ஒளிபரப்பாகி முடிந்த அன்றிரவே நீ எழுத உட்கார்ந்துவிட்டாய் என்பது, வரிக்கு வரி சரிந்துகொண்டே போகும் உன் கையெழுத்திலிருந்தே தெரிந்தது. “இதற்காகவா இத்தனை காலம் காத்திருந்தோம்?” என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று நாட்களாக மனத்துக்குள் உனக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு கிடைத்தது, எழுதுகிறேன். இங்கே நேற்றோடு நான்கு எபிசோடுகள் வந்துவிட்டன. நீ இன்னும் பார்க்காதவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இதில் இருக்காது. அந்தச் சந்தோஷத்தை உன்னிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வராது. மார்ச் 26ஆம் தேதி வந்த முதல் எபிசோடைப் பற்றி மட்டும் பேசுவோம்.

1989 டிசம்பர் 6ஆம் தேதி, ஒரு புதன்கிழமை இரவு, நம் வாடகை அறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் அமர்ந்து காலத்தில் பயணம் செய்யும் டாக்டராக அப்போது நடித்த சில்வெஸ்டர் மெக்காயின் கடைசி எபிசோடைப் பார்த்தது உனக்கு நினைவிருக்கும். அதுதான் கடைசி என்று அன்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. 1963 நவம்பரில் தொடங்கி 26 ஆண்டுகள் ஓடிய ஒரு தொடர், நிறுத்தப்பட்டது என்ற அறிவிப்புகூட இல்லாமல், அடுத்த ஆண்டு வராமல் போனது. அதற்கடுத்த ஆண்டும் வரவில்லை. நீ டொரொன்டோவுக்குப் புறப்பட்டபோது அந்த இரண்டு அட்டைப்பெட்டி வீடியோ நாடாக்களை என்னிடம் விட்டுப் போனாய், “திரும்ப ஆரம்பித்தால் எழுது” என்று சொல்லிவிட்டு. 1996இல் பால் மெக்கான் நடித்த தொலைக்காட்சிப் படம் வந்தபோது எழுதினேன். அது ஒரே இரவோடு முடிந்துபோனது. ஆகவே 2003 செப்டம்பரில் ரஸல் டி. டேவிஸ் தொடரை மீண்டும் எழுதப் போகிறார் என்ற செய்தி வந்தபோது, உண்மையைச் சொன்னால், மகிழ்ச்சியைவிடப் பயமே எனக்கு அதிகமாக இருந்தது.

அந்தப் பயம் என் ஒருவனுடையது மட்டுமல்ல. டாக்டரின் துணையான ரோஸாக நடிக்க பில்லி பைப்பர் பெயரை அறிவித்தபோது நம் பழைய வட்டத்தில் எத்தனை பேர் தலையில் கைவைத்துக்கொண்டார்கள், தெரியுமா? பதினைந்து வயதில் பாடல் வரிசையில் முதலிடம் பிடித்த பாப் பாடகியை டாக்டருடன் பயணம் போக விடுவதா என்று பேசினார்கள். நானும் அப்படித்தான் பேசினேன். பிறகு, ஒளிபரப்புக்கு மூன்று வாரம் முன்னதாக எபிசோடின் முழுமைபெறாத பிரதி ஒன்று இணையத்தில் கசிந்தது. அதைப் பார்ப்பதா, காத்திருப்பதா என்று ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். பார்த்தவர்களில் சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். நான் பார்க்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் பொறுத்தவனுக்கு மூன்று வாரம் பெரிதில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய நாள், சனிக்கிழமை, மாலை ஏழு மணி. என் இளைய மகளுக்கு ஒன்பது வயது. அவள் இந்தத் தொடரின் ஒரு காட்சியைக்கூட அதுவரை பார்த்ததில்லை. சோபாவின் ஒரு முனையில் அவளும் மறு முனையில் நானுமாக உட்கார்ந்தோம். கடை மூடிய பிறகு அடித்தளத்தில் ரோஸ் தனியாக நிற்கிறாள். ஆடை விளம்பரப் பொம்மைகள் ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்புகின்றன. அவள் முதுகு சுவரில் முட்டுகிறது, பொம்மை கையை ஓங்குகிறது, வேறொரு கை வந்து அவள் கையைப் பற்றிக்கொள்கிறது, ஓடு என்கிறது ஒரு குரல். அந்த நேரத்தில் திரும்பிப் பார்த்தேன். மகள் சோபாவின் முனையில் இல்லை. என் பக்கத்தில் இருந்தாள். அவள் நகர்ந்து வந்ததை நான் கவனிக்கவே இல்லை. (இதே காட்சியின்போது, சில பகுதிகளில், வேறொரு நிகழ்ச்சியின் ஒலி தவறுதலாகக் கலந்து, தொகுப்பாளர் கிரகாம் நார்ட்டனின் குரல் கேட்டிருக்கிறது. இத்தனை ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு அந்த நொடிகள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் பதறுகிறது.)

இப்போது உன் குறைகளுக்கு வருகிறேன். டாக்டர் திரையில் நிற்கும் நேரம் குறைவு, இது ஒரு கடைப்பெண்ணின் கதையாகிவிட்டது என்பது உன் முதல் குறை. நண்பா, 1963இல் வந்த முதல் எபிசோடை ஒருமுறை நினைத்துப் பார். அது டாக்டரோடு தொடங்கவில்லை. தங்கள் மாணவி ஒருத்தியின் நடவடிக்கை புரியாமல், அவளைப் பின்தொடர்ந்து பழைய சாமான் கிடங்குக்குப் போகும் இரண்டு ஆசிரியர்களோடுதான் தொடங்கியது. பாதி எபிசோட் ஓடிய பிறகுதான் டாக்டரே வருகிறார். அவர் யார், நல்லவரா கெட்டவரா என்று எவருக்கும் தெரியாது. அன்று பார்த்தவர்கள் இயன், பார்பரா இருவரின் கண்களால்தான் டாக்டரின் கால இயந்திரமான அந்த நீலநிறப் போலீஸ் பெட்டிக்குள் நுழைந்தார்கள். இன்று ரோஸ் நுழைகிறாள். நமக்குத்தான் டாக்டரை முன்பே தெரியும். தெரியாதவளின் பக்கம் நின்று கதையைத் தொடங்கியதில் டேவிஸ் பழைய வழியை விட்டு விலகவில்லை. தொடர் பிறந்த இடத்துக்கே அதைத் திருப்பிக் கொண்டுபோயிருக்கிறார். பழைய தொடரைக் கரைத்துக் குடித்த ரசிகர் அவர். அறியாமல் செய்தார் என்று நான் நம்பமாட்டேன்.

தோல் ஜாக்கெட்டைப் பற்றியும் புதிய டாக்டராக வரும் எக்கிள்ஸ்டனின் வட இங்கிலாந்து உச்சரிப்பைப் பற்றியும் நீ எழுதியதற்கு நான் அதிகம் சொல்லப்போவதில்லை. உச்சரிப்பைப் பற்றி ரோஸே கேட்கிறாள். அதற்கு அவர் தரும் பதிலை நீ மறந்திருக்க மாட்டாய். உடையைப் பொறுத்தவரை, பழைய டாக்டர்களின் நீளக் கழுத்துத்துணியும் கேள்விக்குறி போட்ட ஸ்வெட்டரும் போய்விட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. பூமி நம் காலடியில் சுழல்வதைத் தன்னால் உணர முடிகிறது என்று ரோஸின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொல்லும் அந்த ஒரு நிமிடத்தில், முகத்தில் இருந்த சிரிப்பு முழுவதும் வடிந்துபோகிறதே, அங்கே நான் முந்தைய டாக்டர்களான டாம் பேக்கரையும் பார்த்தேன், ஹார்ட்னெலையும் பார்த்தேன்.

முடிவைப் பற்றி நீ சொன்னது சரி. பிளாஸ்டிக்கை அழிக்கும் திரவத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே வரும் ஒருவருக்கு முன்னால் அந்தப் பிளாஸ்டிக் பொம்மைகளை ஆட்டிவைக்கும் எதிரி எப்படிப் பெரியவனாகத் தெரிவான்? நமக்குப் பழகிய கதைகள் 25 நிமிட எபிசோடுகளாக, நான்கு வாரம், ஆறு வாரம் என்று நடந்தவை. ஒவ்வொரு வாரமும் ஆபத்தின் விளிம்பில் நம்மை நிறுத்திவிட்டுப் போனவை. 45 நிமிடத்தில் ஒரு கதையைத் தொடங்கி முடிக்கும்போது எதையாவது விட்டாக வேண்டும். இங்கே விட்டது எதிரியை. குப்பைத்தொட்டி ரோஸின் காதலன் மிக்கியை விழுங்கிவிட்டு ஏப்பம் விடுவதையும் நான் ஆதரித்துப் பேசப்போவதில்லை. ஆனால் மகள் அந்த இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் என்பதை உன்னிடம் மறைக்கவும் கூடாது.

ஏப்ரல் 7ஆம் தேதி, மாதத்தின் முதல் வியாழக்கிழமை, வெகுகாலத்துக்குப் பிறகு ஃபிட்ஸ்ராய் டேவர்ன் மதுக்கடைக்குப் போனேன். லண்டன் ரசிகர்கள் கூடும் அந்த வழக்கம் தொடர் நின்றிருந்த ஆண்டுகளிலும் நிற்கவில்லை. அன்று நிற்க இடமில்லை. கூட்டத்தின் மனநிலை உன் கடிதத்தில் உள்ளதைப் போலவும் இருந்தது, அதற்கு நேர்மாறாகவும் இருந்தது. அறுபதுகளில் சிறுவனாக இருந்தபோது தொலைக்காட்சிப் பெட்டியின் முன் மைக்கைப் பிடித்து ஒலியைப் பதிவு செய்த ஒரு பெரியவர் வந்திருந்தார். அவரைப் போன்றவர்களால்தானே, படச்சுருள்கள் அழிக்கப்பட்ட எபிசோடுகளின் ஒலியாவது இன்று முழுமையாக நம்மிடம் இருக்கிறது? எபிசோடு நெடுகிலும் பின்னணி இசை ஓங்கி ஒலித்து வசனத்தை மூழ்கடிக்கிறது என்று அவர் கோபப்பட்டார். ஆனால் முகப்பிசைக்கு வந்ததும் குரல் மாறியது. மர்ரே கோல்டின் புதிய வடிவத்துக்கு அடியில், 1963இல் டெலியா டெர்பிஷயர் உருவாக்கிய அதே ஒலிகள் ஓடுகின்றன என்று மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். ஒரு பெண்மணி, தனக்கு முப்பத்தைந்து வயதாகிறது என்றும், வேலையும் அம்மாவும் கைபேசியும் உள்ள ஒருத்தியாகத் தன்னை இந்தத் தொடருக்குள் வைத்துப் பார்க்க முடிந்தது இதுவே முதல் முறை என்றும் சொன்னார். தொடர் ஒளிபரப்பான காலத்தில் கைக்குழந்தையாக இருந்து, நாவல்களாலும் ஒலிநாடகங்களாலும் மட்டுமே ரசிகனான ஓர் இளைஞன், டாக்டர் பங்கேற்றதாகச் சொல்லும் அந்தப் போர் எது, யாரோடு நடந்தது என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டே இருந்தான். பில்லி பைப்பரைப் பற்றி மட்டும் இரண்டு கருத்து இல்லை. முன்பு தலையில் கைவைத்துக்கொண்ட அத்தனை பேரும் அவரைப் பாராட்டினார்கள். நானும் என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

முதல் எபிசோடை 1 கோடியே 8 லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். நான்கே நாட்களில் இரண்டாம் சீசன் உறுதியானது. அதே கையோடு எக்கிள்ஸ்டன் விலகுகிறார் என்ற செய்தியும் வந்தது. அன்றைய கலக்கத்தைச் சொல்லி முடியாது. இப்போது அடுத்த டாக்டராக டேவிட் டென்னன்ட் பெயர் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஒரே டாக்டர் உருமாறி வேறு நடிகராக வருவது நமக்குப் புதிதில்லை என்றாலும், புதிதாக வந்த குழந்தைகளுக்கு அதை யார் விளக்குவது?

கடைசியாக வைத்துக்கொண்டது க்ளைவ் விஷயம். உன் கடிதத்தில் எழுத்து அழுத்தி விழுந்திருக்கும் இடமும் அதுதான். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் டாக்டரைப் பற்றிய படங்களையும் குறிப்புகளையும் சேர்த்து வைத்திருக்கும் மனிதனை ஒரு கிறுக்கனாகக் காட்டி, பிறகு மனைவி, மகன் கண்முன்னே கொன்றுவிட்டார்கள்; இது நம்மைப் பார்த்துச் செய்த கேலி என்று எழுதியிருக்கிறாய். ஃபிட்ஸ்ராயிலும் இதையே சொன்னவர்கள் இருந்தார்கள். முதல் முறை பார்த்தபோது எனக்கும் உறுத்தியது. மறுபடி நாடாவில் போட்டுப் பார்த்தேன். டாக்டர் இருப்பதாக அவன் காட்டும் படங்களில் ஒன்று கென்னடி கொல்லப்பட்ட நாளில் எடுத்தது; நம் தொடர் அதற்கு மறுநாள் பிறந்தது. மற்றொன்று டைட்டானிக் புறப்பட்ட 1912ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவன் ரோஸிடம் சொல்வதில் பொய் எது? அவள்தான் நம்பாமல் கிளம்பிப் போகிறாள். பிறகு கடைத்தொகுதியில் பொம்மைகள் அசையும்போது, சுற்றியிருப்பவர்கள் விளையாட்டு என்று நினைத்து நிற்கிறார்கள். க்ளைவ் ஒருவனுக்குத்தான் அது என்னவென்று தெரிகிறது. அந்த முகத்தை மறுபடி பார். அதில் பயத்துக்கு முன்னால் ஒரு நொடி வேறொன்று இருக்கிறது: தான் சேர்த்ததெல்லாம் உண்மை என்று அறிந்தவனின் முகம் அது. கேலி செய்ய நினைக்கும் ஒருவர் அந்த ஒரு நொடியை அவனுக்குக் கொடுத்திருக்க மாட்டார். ஆனாலும் அவன் சாக வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது. அதில் நான் உன் பக்கம்தான்.

அந்த வாரம் மகளோடு கடைவீதிக்குப் போனேன். துணிக்கடை ஒன்றைத் தாண்டும்போது அவள் ஒன்றும் சொல்லாமல் என் கையை விட்டுவிட்டு, சுற்றி வந்து, என் மறுபக்கக் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்கும் அவளுக்கும் நடுவில் இப்போது நான் இருந்தேன். அன்று மாலையே உன் பெட்டியைத் திறந்து, 1970இல் ஜான் பெர்ட்வீ முதன்முதலாக டாக்டராக வந்த கதையைப் போட்டேன். வண்ணத்தில் வந்த முதல் கதை, இதே பொம்மைகள் முதலில் வந்த கதை. கடைவீதிக் காட்சி வந்ததும் அவள் நிறுத்தச் சொன்னாள். “அப்பா, கண்ணாடி உடைகிற சத்தம்தான் வருகிறது. உடைவதைக் காட்டவே இல்லையே?” என்று கேட்டாள். எத்தனை முறை நாம் இருவரும் அந்தக் காட்சியைப் பார்த்திருப்போம்! அன்று கண்ணாடியை உடைக்கப் பணம் இல்லை, அதனால் சத்தத்தை மட்டும் போட்டார்கள் என்று சொன்னேன். சற்று நேரம் யோசித்தாள். “இப்போது நிஜமாகவே உடைத்துவிட்டார்கள்” என்றாள், ஏதோ பழைய கடன் ஒன்று தீர்ந்துவிட்டதைப் போல.

அதன் பிறகு தினம் ஒரு நாடா என்று கேட்கிறாள். நீ பதிவு செய்தவற்றில் மூன்றாவது நாடாவின் பெயர்ச்சீட்டு ஈரம் பட்டு மங்கிவிட்டது. “பாகம் 2 இல்லை” என்று நீ பென்சிலால் எழுதியது மட்டும் தெரிகிறது. அது எந்தக் கதை, விட்டுப்போன பாகத்தில் என்ன நடந்தது என்று நினைவிருந்தால் அடுத்த கடிதத்தில் எழுது. அவளுக்குப் படித்துக்காட்டிவிட்டு மேலே போடுகிறேன்.

உன் பழைய அறைத்தோழன்